முப்பத்தோராவது சம்மதம்

பார்வையற்றவர்களுக்குக் கணினித் திரையை வாசித்துக் காட்டும் அந்த இலவச மென்பொருளை, செக் நாட்டு ப்ர்னோ நகரத்து ராதிம் பன்னிரண்டு வருடமாகக் கட்டிக் காத்துவந்தான். நிரல் எழுதித் தந்த எவரிடமும் அதன் உரிமையைக் கையெழுத்துப் போட்டு வாங்கியதில்லை. நமக்குள் என்ன காகிதம் என்று பீர் கடையில் பெருமை பேசுவான். அந்தப் பெருமையே வினையாயிற்று.

அதிலிருந்த இலவசக் குரல் செக் மொழியைக் கடித்துத் துப்பியது. அக்கா பிளாங்காவுக்குப் பார்வை போனதும், ஒரு கம்பெனி நிரலைக் காட்டாமல் மூடிவைத்து விற்கும் குரல் மென்பொருளை இணைத்து ராதிம் ப்ளகின் என்னும் துணை நிரல் ஒன்றை எழுதி வெளியிட்டான். அதை நம்பித்தான் அவள் காப்பீட்டு அலுவலகத்தில் வேலை பார்த்தாள். மென்பொருளின் அதிகாரபூர்வப் பட்டியலில் இல்லாத எதையும் அங்கே ஏற்ற விடமாட்டார்கள்.

ஒருநாள் யாரோ எழுதிக் கேட்டார்கள்: நம் உரிமத்தின்படி, இதோடு சேர்த்து வெளியிடுவதெல்லாம் யாரும் பார்த்துத் திருத்தக்கூடிய திறந்த நிரலாக இருக்க வேண்டாமா? கேட்டது நியாயம்தான். விதிவிலக்குக் கொடுக்கலாம், ஆனால் உரிமை எழுதியவர்களிடமே இருந்ததால் முப்பத்தோரு பேரும் சம்மதிக்க வேண்டும். முப்பது பேர் சம்மதித்தார்கள். போஹுமில் மட்டும் பதில் போடவில்லை. அவர் எழுதியதைப் பிடுங்கினால் மென்பொருளில் மிச்சம் ஒன்றுமிராது.

ராதிம் ட்ராம் ஏறி அவர் வீட்டுக்கே போனான். கதவைத் திறந்த அவர் மனைவி ஸ்தென்கா, அவர் பிப்ரவரியில் போய்ச் சேர்ந்துவிட்டார் என்றாள். உரிமை இப்போது அவளுடையது. ராதிம் காகிதத்தை நீட்டி, அக்காவின் கதையையும் சொன்னான்.

"அவரும் கண்ணு தெரியாதவர்தான் தம்பி. காதும் மந்தமாயிடுச்சு, இலவசக் குரல் புரியலேன்னு இதே கம்பெனிக் குரலத்தான் ஆஸ்பத்திரிலயும் வச்சிருந்தார். லைசென்ஸ் முடிஞ்சுதுன்னு ஒருநாள் அதுபாட்டுக்கு நின்னுடுச்சு. போன் பண்ணிப் பண்ணி எனக்கு விரல் தேஞ்சுது. திறந்த நிரலா இருந்தா படுத்துக்கிட்டே சரி பண்ணிருப்பேனேன்னு அழுதார். பதினோரு நாள் ஊமைக் கம்ப்யூட்டரோட கிடந்து செத்தார். இதுக்கா என்னைக் கையெழுத்துப் போடச் சொல்ற?"

ராதிம் காகிதத்தை மடித்துக்கொண்டு கிளம்பினான். பொய்யாக ஒரு சம்மதம் எழுதிக்கொண்டால் யாருக்குத் தெரியும் என்று திரும்பும் வழியில் தோன்றியது. தோன்றியதற்கே கூசிப்போனான்.

மறுநாள் காலை ப்ளகினைப் பட்டியலிலிருந்து நீக்கினான். அக்காவிடம் சாயங்காலம் நேரில் சொல்லிக்கொள்ளலாம் என்றிருந்தான். நீக்கிய உடனே எல்லாக் கணினிக்கும் அறிவிப்பு போகும்படி செய்துவைத்தவனும் தானே என்பதை மறந்துவிட்டான்.

அரைமணியில் போன் வந்தது.

"கேட்டேன்டா," என்றாள் பிளாங்கா. "இந்தக் குரல் இனிமே கிடையாதுன்னு அந்தக் குரலே வாசிச்சுது. ஒரு எழுத்துகூடப் பிசகல."