புதிதாக அமைக்கப்படும்

எங்கள் ஆராய்ச்சி நிலையத்தில் ஏழாம் எண் வயலைப் பதினாலு வருடம் உழாமல் வைத்திருந்தேன். உழாமல் வைத்திருப்பதும் ஒரு வேலையா என்று கேட்பீர்கள். கேட்காத ஆள் கிடையாது. என் மாமியார் கேட்டிருக்கிறார். பேருந்தில் பக்கத்தில் உட்கார்ந்தவர்கள் கேட்டிருக்கிறார்கள். சும்மா இருப்பதற்கு எதற்கு மேடம் அரசாங்கப் பணம் என்று தணிக்கைக்கு வந்தவர் ஒருவர் சிரித்துக்கொண்டே கேட்டார். நானும் சிரித்து வைத்தேன். பணத்துக்குக் கையேந்துகிறவளுக்குக் கோபம் வரக்கூடாது.

சும்மா ஒன்றும் இல்லை. அறுவடை முடிந்ததும் பயிர்த்தாளை மண்மேல் அப்படியே விட்டுவிடுவோம். அடுத்த பருவத்துக்கு இரும்புக் கம்பியால் துளை போட்டு விதையை இடுவோம். களையைக் கையால் பறிப்போம். வருடத்துக்கு இரண்டு தடவை ஒரு இரும்பு வளையத்தை மண்ணில் அழுத்தி, அதற்குள் தண்ணீர் ஊற்றி, அது உள்ளே இறங்க எத்தனை நிமிடம் ஆகிறது என்று கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்போம். முதல் வருடம் நாற்பது நிமிடம் ஆனது. பதினாலாம் வருடம் மூன்றே நிமிடம், மண் பஞ்சு மாதிரி ஆகியிருந்தது. முதல் ஆறு வருடம் விளைச்சல் பக்கத்து வயலைவிடக் குறைவாக இருந்தது. கேண்டீனில் என் தலையை உருட்டினார்கள். ஏழாம் வருடம் சமமாக வந்தது. பன்னிரண்டாம் வருடம் மழை ஏமாற்றியபோது பக்கத்து வயல் கருகிப் போனது, எங்கள் வயல் நின்றது. ஆனால் ஒரே ஒரு வறட்சியை வைத்துக்கொண்டு விவசாயியிடம் போய் ‘நீயும் உழாதே’ என்று சொல்ல எனக்குத் துணிச்சல் இல்லை. அவன் நம்பிச் செய்து நஷ்டப்பட்டால் யார் பொறுப்பு? இன்னும் இரண்டு வறட்சியாவது பார்க்க வேண்டும், அதற்கு ஆறு வருடமாவது வேண்டும். ஓய்வு பெற எனக்கு இன்னும் ஏழு வருடம் இருந்தது. போதும் என்று நினைத்தேன்.

மண்புழு எண்ணுவது அக்காவின் வேலை. என்னைவிட நாலு வயது மூத்தவர், ஒப்பந்த ஊழியர், நிலையத்தில் எல்லோருக்கும் ‘புழுக்கா’. அந்தப் பெயரில் அவருக்கு வருத்தம் இல்லை. மரச்சட்டத்தை மண்மேல் வைத்து, கடுகுப்பொடி கரைத்த தண்ணீரை மெதுவாக ஊற்றுவார். எரிச்சல் தாங்காமல் புழுக்கள் மேலே வரும். ஒவ்வொன்றாக எடுத்து நல்ல தண்ணீரில் அலசி, எண்ணி, வேறு இடத்தில் ஈர மண்ணில் விடுவார். அலசும்போது புழுக்களிடம் மன்னிப்புக் கேட்பார். முதல் வருடம் ஒரு சட்டத்துக்கு ஐந்து, ஆறு. கடைசியாக எண்ணியபோது ஐம்பத்திரண்டு. அந்த எண்ணைச் சொல்லும்போது அவர் முகத்தில் இருந்த பெருமையை என் பிள்ளைகள் பரீட்சையில் தேறியபோதுகூட நான் காட்டியதில்லை.

மண்ணுக்கு அவசரம் இல்லை. அவசரமெல்லாம் நிதி கொடுக்கிறவர்களுக்குத்தான். நிலைத்த வேளாண்மைக்கான ஆராய்ச்சி நிதி என்று பெயர். எந்தத் திட்டமானாலும் ஆயுள் மூன்று வருடம். மூன்று வருடம் முடிந்ததும் மறுபடி விண்ணப்பம். முதல் இரண்டு வருடம் நிலையத்தின் செலவில் ஓட்டினேன். அப்புறம் முதல் தடவை மண்வளம் என்று எழுதி வாங்கினேன். அடுத்த தடவை அவர்களுக்கு நீர் மேல் ஆசை வந்திருந்தது, நீர்ச் சேமிப்பு என்று எழுதினேன். அப்புறம் பருவநிலை, அப்புறம் உணவுப் பாதுகாப்பு. வயல் ஒன்றுதான், வளையம் ஒன்றுதான், அக்கா ஒருவர்தான். பெயர்ப் பலகையை மட்டும் மாற்றி மாற்றி வீட்டைக் காப்பாற்றிக்கொண்டு வந்தேன்.

ஐந்தாம் தடவை அந்த வித்தையும் பலிக்கவில்லை. அறிவிப்பிலேயே போட்டிருந்தார்கள்: ஏற்கெனவே நடக்கும் ஆய்வுகளின் தொடர்ச்சிக்கு நிதி இல்லை, புதியவற்றுக்கு மட்டுமே. நூற்றுக்கு முப்பது மதிப்பெண் புதுமைக்கு. எங்கள் இயக்குநருக்கு ‘புதுமை’ என்றே ஒரு பட்டப்பெயர் உண்டு. கழிவறைக் குழாயை மாற்றினாலும் அதைப் புதுமை என்றுதான் சுற்றறிக்கை விடுவார். அவர் என்னைக் கூப்பிட்டு, பழைய கதையை எழுதினால் கதவைச் சாத்துவார்கள், பார்த்து எழுதுங்கள் என்றார். திட்டம் இல்லாவிட்டால் அந்த வயலைக் கட்டடப் பிரிவுக்குக் கொடுக்க வேண்டியிருக்கும் என்பதையும் சேர்த்துச் சொன்னார்.

அன்று மாலை சமையலறை மேசையில் விண்ணப்பத்தைப் பரப்பிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். என் வீட்டுக்காரர் பள்ளியில் கணக்கு வாத்தியார், நான் எழுதுவதையெல்லாம் படித்துத் திருத்துவார். பதினாலு வருடம் என்பதை எங்கே ஒளிப்பது என்று நான் விழித்துக்கொண்டிருந்தபோது, அதைச் சொல்லவே வேண்டாமே என்றார். கேட்டால்தானே பதில். பேனாவை வாங்கி ஒரு வரி எழுதினார்: ‘தேர்வு செய்யப்பட்ட நிலத்தில், திட்டத் தொடக்கத்துக்கு முன், உழவில்லாச் சோதனைப் பாத்திகள் புதிதாக அமைக்கப்படும்.’ வரப்பைப் புதிதாகப் போட்டு, புதிய எண் கொடுத்தால் புதிய பாத்திதானே என்றார். எனக்கு உறுத்தியது. உறுத்தியதைப் பல்லைக் கடித்துக்கொண்டு முழுங்கினேன்.

நிலத்தைப் பார்க்க நிதிக் குழுவிலிருந்து இரண்டு பேர் வருவதாகத் தகவல் வந்தது. வயலோரத்தில் ‘உழக்கூடாது’ என்று ஒரு தகரப் பலகை நட்டிருந்தோம், கீழே ஆரம்பித்த வருடமும் எழுதியிருந்தது. அதைப் பார்த்தால் குட்டு உடைந்துவிடும். அவர்கள் வருவதற்கு முந்தின நாள் நானும் அக்காவும் அதைப் பிடுங்கிக் கிடங்கில் வைத்தோம். மறுபடி எப்போது நடுவோம் என்று அக்கா கேட்டார். பணம் வந்ததும் என்றேன். வந்தவர்கள் ஜீப்பிலிருந்து இறங்கவில்லை. தாள் மூடிக்கிடந்த மண்ணைப் பார்த்து, தரிசாகக் கிடக்கிற நிலம்தானே, நல்லது என்று சொல்லிவிட்டுப் போனார்கள். பதினாலு வருட உழைப்பைத் தரிசு என்றதற்கு நன்றி சொல்லி வழியனுப்பினேன்.

நிதி கிடைத்தது. புதுமை எல்லோருக்கும் இனிப்புக் கொடுத்தார். பழைய திட்டம் முடிந்து புதியது தொடங்க நடுவில் ஒரு மாதம் இருந்தது. அந்த மாதம் ஒப்பந்த ஊழியர்களுக்கு வேலையும் இல்லை, உள்ளே வர அனுமதிச் சீட்டும் இல்லை. எப்போதும் நடப்பதுதான் என்பதால் அக்காவும் அலட்டிக்கொள்ளவில்லை. நிதி வாங்கியவர்களுக்குத் தலைமை அலுவலகத்தில் இரண்டு நாள் பயிற்சி, அறிக்கை எழுதுவது எப்படி என்று. போனை அணைத்துப் பையில் வைத்துக்கொண்டு, எந்தக் கட்டத்தில் எந்த எண்ணை எழுத வேண்டும் என்று கற்றுக்கொண்டேன்.

இரண்டாம் நாள் மதியம் போனைத் திறந்தபோது அக்காவிடமிருந்து பதினேழு அழைப்புகள் வந்திருந்தன. திருப்பிக் கூப்பிட்டேன்.

“உழுதுட்டாங்க மேடம்,” என்றார். போனை வைக்கவில்லை. இரண்டு பேரும் மூச்சு விடுவதைக் கேட்டுக்கொண்டிருந்தோம்.

மறுநாள் காலை நேராக வயலுக்குப் போனேன். நறுவிசாக, வரி பிசகாமல் உழுதிருந்தார்கள். இரண்டு சால், குறுக்கும் நெடுக்கும், மேலே சமன் பண்ணியும் விட்டிருந்தார்கள். தாள் எங்கே போனதென்று தெரியவில்லை. கொக்குகள் இன்னும் போகாமல் அங்கங்கே நின்று பொறுக்கிக்கொண்டிருந்தன. நான் கல்லை எடுத்து எறிந்தேன். ஐம்பத்து மூன்று வயதில், வேலைக்குப் போடும் புடவையில், உழுத மண்ணில் செருப்பு புதையப் புதைய ஓடிக் கொக்கு விரட்டினேன். நடுவயலில் உட்கார்ந்து அழுதேன்.

பண்ணை மேலாளர் பலகையைப் பிடுங்கிய பிறகு மாற்றலாகி வந்தவர், நாலு மாதம்தான் ஆகியிருந்தது. தங்கமான மனிதர், எந்த வேலையையும் நாளை என்று தள்ளாதவர். அனுமதியான திட்டத்தின் நகல் எல்லாப் பிரிவுக்கும் போவது வழக்கம். அவர் மட்டும்தான் அதைப் படிக்கிற ஆள். படித்து, அந்த வரியின் கீழே சிவப்பில் கோடு போட்டு வைத்திருந்தார்.

“புதுசா அமைக்கணும், தொடக்கத்துக்கு முன்னாடி முடிக்கணும்னு நீங்கதான மேடம் எழுதியிருக்கீங்க?” என்றார். குரலில் ஒரு துளி குத்தல் இல்லை. “நம்ம டிராக்டர் ரிப்பேரு. உங்களுக்குத் தாமதமாயிடக் கூடாதேன்னு வெளியில இருந்து வாடகைக்கு எடுத்து முடிச்சுட்டேன்.”

பண்ணைப் பிரிவின் வேலைத்தாளை எடுத்துக் காட்டினார். ‘பாத்தி அமைத்தல்’ என்று அச்சடித்திருக்கும். அதற்குக் கீழே முதல் வேலை ‘இரண்டு சால் உழவு’. எங்கள் நிலையத்தில் அது எப்போதும் அப்படித்தான். உழவில்லாப் பாத்தி என்றாலும் முதலில் ஒரு தடவை உழுது சமன்படுத்தித்தான் ஆரம்பிப்பார்கள். நானே பதினாலு வருடத்துக்கு முன் அப்படித்தான் ஆரம்பித்தேன். அந்த மனிதரைத் திட்ட வாய் வரவில்லை. நல்லா பண்ணியிருக்கீங்க என்று சொல்லிவிட்டு வந்தேன். அவர் முகம் மலர்ந்தது.

பழைய மேலாளர் இருந்திருந்தால் தடுத்திருப்பார். பலகை இருந்திருந்தால் டிராக்டர்காரர் நின்றிருப்பார். அக்காவிடம் அனுமதிச் சீட்டு இருந்திருந்தால் டிராக்டர் முன்னால் படுத்திருப்பார். மேலாளர் மாறியது ஒன்றுதான் என் கையில் இல்லாதது. மற்றதெல்லாம் நான் தெரிந்தே செய்தது, அல்லது தெரிந்தே விட்டது.

விஷயத்தைச் சொன்னபோது புதுமை, ஒரு விதத்தில் நல்லதுதான் என்றார். இனி எவனும் வந்து நோண்ட முடியாது, விண்ணப்பத்தில் என்ன எழுதினோமோ அதுதான் தரையில் இருக்கிறது என்றார். அவர் ஆறுதலுக்குச் சொல்லவில்லை, நிஜமாகவே நிம்மதியாக இருந்தார். அவர் மேசைமேல் இருந்த தண்ணீர்க் குவளையைப் பார்த்துக்கொண்டே நின்றேன். அதை எடுத்து அவர் தலையில் ஊற்றாமல் வந்ததற்கு எனக்குத்தான் விருது கொடுக்க வேண்டும்.

வீட்டில் என் வீட்டுக்காரர் சாப்பிடாமல் எழுந்தார். உங்கள் வரிதான் என்று நான் சொல்லிக்காட்டியிருந்தேன். எழுதியது அவர் என்றாலும் கையெழுத்து என்னுடையது. அது அவருக்கும் தெரியும், ஆனால் சொல்லவில்லை.

மறுநாள் நிதி அலுவலகத்துக்கு இரண்டு பக்கக் கடிதம் எழுதினேன். பதினாலு வருடத்தையும், மறைத்ததையும், உழுததையும், எல்லாவற்றையும். அனுப்பினால் நிதி ரத்தாகும், அது நிச்சயம். அக்காவுக்கும் இன்னும் இரண்டு பேருக்கும் வேலை போகும். அதனால் கடிதத்தை மடித்து எடுத்துக்கொண்டு அக்கா வீட்டுக்குப் போனேன். சைக்கிள் கடைக்கு மேலே ஒற்றை அறை. ஜன்னலோரத்தில் அவர் மகளின் நர்சிங் புத்தகங்கள் அடுக்கியிருந்தன, இன்னும் ஒரு வருடப் படிப்பு பாக்கி. கடிதத்தைப் படித்துக் காட்டினேன். அக்கா கடைசிவரை கேட்டார்.

“டிராக்டர் உள்ள போறதப் பாத்துட்டு கேட்ல நின்னு கெஞ்சினேன் மேடம். சீட்டு இல்லாம விட முடியாதுன்னுட்டாங்க. கம்பியைப் பிடிச்சுக்கிட்டு முழுசும் பாத்தேன். எங்கேருந்துதான் அத்தனை கொக்கு வந்துச்சோ.” ஜன்னலோரத்துப் புத்தகங்களைப் பார்த்தார். “இதை அனுப்பினா வயலு திரும்ப வந்துடுமா?”

வராது என்றேன்.

“அப்ப எனக்குச் சம்பளம் வேணும். அனுப்பாதீங்க. களை பறிக்கிறேன், தண்ணி ஊத்துறேன், என்ன வேலை வேணும்னாலும் குடுங்க. புழு எண்ண மட்டும் என்னைக் கூப்பிடாதீங்க.”

என்மேல் கோபமா என்று கேட்டேன். கேட்டிருக்கக் கூடாது.

“உங்களுக்காவது எழுதத் தெரியும்னு நெனச்சேன்,” என்றார்.

கடிதத்தைக் கிழித்துப் போட்டேன். திட்டம் குறித்த தேதியில் தொடங்கியது. தொடக்க நிலைக் கணக்கு முதல் மாதத்திலேயே அனுப்ப வேண்டும். நானே மரச்சட்டத்தைத் தூக்கிக்கொண்டு போனேன், நானே கடுகுப்பொடியைக் கரைத்தேன். கொஞ்சம் கண்ணில் தெறித்தது. இருபது நிமிடம் காத்திருந்தேன். இரண்டு புழு வந்தன. ஒன்றுக்கு வால் பக்கம் இல்லை. படிவத்தில் இரண்டு என்று எழுதினேன். தண்ணீர் இறங்கும் நேரத்தையும் எழுதினேன்.

பத்து நாளில் நிதி அலுவலகத்திலிருந்து பதில் வந்தது. எங்கள் திட்டத்தை மற்றவர்களுக்கு முன்மாதிரியாகக் காட்டப் போகிறார்களாம். இவ்வளவு சீரழிந்த மண்ணைத் தேடித் தேர்ந்தெடுத்ததுதான் இதன் பெரிய பலம், மூன்று வருடத்தில் முன்னேற்றம் கண்கூடாகத் தெரியும் என்று எழுதியிருந்தார்கள். அவர்கள் சொல்வது சரிதான். இரண்டிலிருந்து ஆறுக்கு வந்துவிட்டாலே மும்மடங்கு.

புதுமை அந்த மெயிலை அச்செடுத்து அறிவிப்புப் பலகையில் ஒட்டச் சொன்னார். ஒட்டியது அக்காதான். நாலு மூலையையும் கட்டைவிரலால் அழுத்தி ஒட்டிவிட்டு, என்ன எழுதியிருக்கு மேடம் என்று கேட்டார். நம்மைப் பாராட்டியிருக்கிறார்கள் என்றேன்.