கூர்முனைக்குச் சிவப்புக் கம்பி

சிகுசாவுக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. மூன்று வருடமாக வரைந்து அழித்து வரைந்த வடிவம். சில்லின்மேல் தங்கத்தில் இரண்டு மின்முனைகள். ஒன்று ஊசிக்கூர்மை, எதிரே இன்னொன்று மொண்ணை. நடுவே தலைமுடியைவிட மெல்லிய இடைவெளி. அங்கே லேசர் விழுந்தால், மாத்திரைப் பூச்சையும் ஊடுருவும் டெராஹெர்ட்ஸ் அலை கிளம்பும். கூரான பக்கத்தில் மின்புலம் குவிவதால் அலை வலுவாக இருக்கும் என்பது அவள் கணக்கு.

கணக்கு காலை வாரிவிட்டது. பழைய இரட்டைப்பட்டை வடிவம் தருவதில் பாதிகூடத் திரையில் இல்லை. மாத்திரையின் மேற்பூச்சைச் சோதிக்கும் கருவிக்கு எந்த வடிவம் என்று ஐந்து மணிக்குத் தலைவர் இனகாகி முடிவு சொல்வார். பழையதை மிஞ்சாவிட்டால் இவளுடையது குப்பைக்கு. மணி நாலே கால் ஆகிவிட்டது, பாழாய்ப்போன மணி!

"மழைக்காலம்ல, ஈரக்காத்து அலையைக் குடிச்சிருக்கும்," என்றான் மோரிஹிகோ. அவள் கணவன், அவள் வேலைபார்க்கும் அதே ஒசாகா ஆய்வகத்தில் சில்லுகளுக்குக் கம்பி இணைப்பவன்.

"அளக்கிற பெட்டி பூரா காஞ்ச நைட்ரஜன் ஓடுது. சும்மா சமாதானம் சொல்லாத."

"சரி, ஒரு வாய் சாப்பிடு. பட்டினி கிடந்தா அலை எழும்பிடுமா?"

"நீயே தின்னு தொலை."

சொன்னாளே தவிர, வாங்கிக் கடித்தாள். ஊறிய பிளம் வைத்து விடியற்காலையில் அவன் பிடித்த சோற்றுருண்டை; அதன்மேல் கோபத்தைக் காட்ட முடியுமா? மென்றபடியே திரையைப் பார்த்தவள் வாயை நிறுத்தினாள். முதலில் மேலே எழவேண்டிய அலை கீழே குனிந்து, பிறகுதான் மேலே எழுந்தது.

"மோரி, பிளஸ்ஸோட சிவப்புக் கம்பி எந்தப் பக்கம்?"

"எப்பவும்போல வலப்பக்கம். ஏழு வருஷ வழக்கமாச்சே."

"அப்பல்லாம் ரெண்டு முனையும் ஒரே மாதிரி. எப்படி மாட்டினாலும் ஒண்ணுதான், அலை தலைகீழா வந்தாலும் யாரும் கண்டுக்கல. இதுல கூர்முனைதான் பிளஸ். அது இடப்பக்கம் இருக்கு!"

அவன் முகம் பேயறைந்ததுபோல் ஆயிற்று. "ஐயோ, உன் மூணு வருஷத்தையும் நானே குழிதோண்டிப் புதைச்சிருப்பேனே!" மின்சாரத்தை நிறுத்திக் கம்பியைக் கழற்றினான், அவசரத்தில் அது விரலிலிருந்து நழுவியது. அவள் அவன் மணிக்கட்டைத் தாங்கிப் பிடித்துக்கொண்டாள்.

மாற்றி மாட்டியதும் அலை தலைநிமிர்ந்து எழுந்தது. பழையதைப்போல இரண்டு மடங்கு!

ஐந்து மணிக்கு இனகாகி திரையையும் கம்பி மாற்றுமுன் எடுத்த பதிவையும் மாறி மாறிப் பார்த்தார். "முதல்ல ஏன் இப்படிப் படுத்துச்சு?"

"என் தப்பு. கம்பியை மாத்தி..." என்று மோரிஹிகோ குனிந்தான்.

"இல்லைங்க, வரைபடத்துல பிளஸ் குறிக்காம விட்டது நான்." அவள் அவனைவிடத் தாழக் குனிந்தாள்.

"யார் தப்புன்னு வீட்டுல போய்ச் சண்டை போடுங்க. கருவிக்கு இந்த வடிவம்தான்."

அவர் போனதும் சிகுசா மீதி உருண்டையை இரண்டாகப் பிட்டாள். பிளம் இருந்த பெரிய பாதி அவனுக்கு.