மூன்றாவது மடக்கு

எனக்குச் சட்டென்று குமட்டும் சுபாவம் கிடையாது. ஆம்பூர் டேனரி ஒன்றில் பதினோரு வருஷமாகப் பச்சைத் தோலை ஊறவைக்கும் பிரிவில் சூப்பர்வைசராக இருக்கிறேன். உப்புத் தடவி லாரியில் வந்து இறங்கும் மாட்டுத்தோலின் மேல் நின்றுகொண்டே டிபன் பாக்ஸைத் திறந்து சாப்பிட்டவன் நான். அப்படிப்பட்டவனுக்கு ஒரு பீரைக் குடித்துக் குமட்டுகிறது என்றால், தப்பு பீரில்தான் இருக்க வேண்டும். அப்படித்தான் நினைத்துக்கொண்டிருந்தேன்.

பீர் என்றால் எனக்கு உயிர். அதனால்தான் அவ்வளவு எரிச்சல். மே மாதத்தில் எங்கள் ஊர் பாரில் போய் பீர் கேட்டால் முதலில் வரும் பதில், "கூலிங் இல்ல". பாட்டிலைத் தொட்டால் குழந்தைக்குக் காய்ச்சல் அடிக்கிற மாதிரி இருக்கும். தரையில் ஈரம், மேஜையில் யாரோ கடித்து வைத்த எலும்பு, பிளாஸ்டிக் டம்ளரின் அடியில் யாருடைய கைரேகையோ. கருமம். இதையெல்லாம் பொறுத்துக்கொண்டு வாயில் ஊற்றினால், முதல் மடக்கு பரவாயில்லை, இரண்டாவது மடக்கு சுமார், மூன்றாவது மடக்கில் பச்சைத் தோல் வாடை. எந்தத் தொட்டியில் என்னத்தைக் கழுவினார்களோ என்று துப்பிவிட்டு வருவேன்.

சரி, நம்ம ஊர் சரக்குதான் இப்படி என்று புதுச்சேரிக்குப் போனேன். மாம்பழ வாசனை போட்ட ஒரு டின்னைக் குடித்தேன், இருமல் மருந்து தேவலை. கறுப்பு பீர் ஒன்று, காபி டிகாஷன் கருகிய பாத்திரத்தைக் கழுவிய தண்ணீர். ஃபிரான்ஸ் நாட்டுக் கோதுமை பீர் என்று ஒன்றைப் பெருமையாகக் கொண்டுவந்து வைத்தான். நுரை மட்டும் அழகாக இருந்தது. மூன்றாவது மடக்கில் அதிலும் தோல் வாடை. தூ என்று ஆகிவிட்டது. ஃபிரான்ஸ்காரனுமா தொட்டியைக் கழுவ மாட்டான்?

இந்தப் பயணங்களுக்கெல்லாம் கூட வருகிறவன் முஜாஹித். பக்கத்து ஷூ கம்பெனியில் கட்டிங் சூப்பர்வைசர். ஒரு சொட்டுத் தொட மாட்டான். நான் குடித்துத் திட்டுவதைக் கேட்டுக்கொண்டிருக்க, பன்னீர் சோடாவும் என் தட்டிலிருக்கும் வறுத்த கடலையும் அவனுக்குப் போதும். ஒரு தடவை சூப்பர்மார்க்கெட்டில் போதையே இல்லாத மால்ட் பானம் ஒன்றை வாங்கி, "இது நமக்குக் கூடும், ஹலால்னு போட்டுக்குதுடா" என்று ஆசையாகக் குடித்தான். மூஞ்சி கோணிக்கொண்டது. "இதுக்கா டேனி நீ ஊர் ஊரா சுத்துற? பேஜார்டா" என்றான்.

குடித்ததையெல்லாம் போனில் எழுதிப் போடுவேன். 'நாக்கு டேனியல்' என்று பக்கத்துக்குப் பெயர். எனக்கு இனிமையாக எழுத வராது, திட்டத்தான் வரும். அதுவே ஜனங்களுக்குப் பிடித்துப்போய், ஏழாயிரம் பேர் படிக்கிறார்கள். இருநூற்றுப் பதினான்கு பீர் எழுதியிருக்கிறேன். முக்கால்வாசிக்கு முடிவு ஒன்றுதான்: மூன்றாவது மடக்கில் பச்சைத் தோல் வாடை. எல்லாரும் சிரித்தார்கள். நானும் இந்த நாட்டிலேயே அதைக் கண்டுபிடிக்கிற ஒரே மூக்கு என்னுடையது என்று மீசையைத் தடவிக்கொண்டேன். அந்த மீசையைப் பற்றிச் சொல்ல வேண்டும். கல்யாணத்துக்கு முன்னாலிருந்து வைத்திருக்கும், மேலுதட்டை முழுசாக மூடும் மீசை. என் மனைவி நிஷாவுக்கு அது பிடிக்காது.

அப்படி இருக்கும்போதுதான் பெங்களூரிலிருந்து போன் வந்தது. பாக்யலட்சுமி என்று ஒரு அம்மா. கோலார் தங்கவயல் தமிழ்க்காரர். சின்ன அளவில் சொந்தமாக பீர் காய்ச்சி, அங்கேயே கடை வைத்து விற்கிறார். நாலு மாசத்துக்கு முன்னால் அங்கே போயிருந்தபோது அவருடைய பீரையும் குடித்து வழக்கம்போலக் காறித் துப்பி எழுதியிருந்தேன். சண்டைக்குத்தான் கூப்பிடுகிறார் என்று நினைத்தேன். அவரோ, "எங்களுக்குச் சுவை பார்க்க ஒரு ஆள் வேணும் சார். உங்க மூக்கு வேணும்" என்றார்.

நிஷா அன்றைக்கு அழுதேவிட்டாள். பதினோரு வருஷமாக அவள் கேட்டுக்கொண்டிருப்பது ஒன்றுதான், அந்தத் தோல் வேலையை விட்டு வா. பெங்களூரில் வாடகைக்கு வீடு என்ன கிடைக்கும், பிள்ளைக்கு எந்த ஸ்கூல் என்று அன்று மாலையே தங்கச்சியிடம் விசாரிக்க ஆரம்பித்துவிட்டாள்.

சனிக்கிழமை காலை நானும் முஜாஹித்தும் ரயிலேறினோம். பாக்யலட்சுமி மேடம் வாசலுக்கே வந்து கூட்டிப்போனார். பளபளவென்று ஆளுயர எஃகுத் தொட்டிகள். ஒரு தொட்டியைக் கையால் தட்டிக் காட்டினார்.

"நீங்க எழுதுனது இதுல இருந்த பீர்தான். நான் குடிச்சுப் பார்த்தேன், எனக்கு ஒண்ணும் தெரியல. என் நாக்கு மேலேயே சந்தேகம் வந்துடுச்சு. உங்களுக்குத் தெரியுது, எனக்குத் தெரியலன்னா நான் என்ன தொழில் பண்றேன்? எண்ணூறு லிட்டரையும் சாக்கடையில விட்டேன் சார்."

எனக்கு உள்ளுக்குள் பெருமை தாங்கவில்லை. முகத்தைச் சோகமாக வைத்துக்கொண்டேன்.

"தொட்டி கழுவுறதுக்கு வேலாயுதம்னு ஒருத்தர் இருந்தாரு. உங்க பக்கம்தான், அணைக்கட்டுன்னு ஊரு. ஆறு வருஷமா இருந்த ஆளு. அவரையும் அன்னைக்கே அனுப்பிட்டேன்" என்றார்.

"கழுவுறவன் ஒழுங்கா கழுவலைன்னா அப்படித்தான் மேடம்" என்றேன். ஆமாம், நான்தான் சொன்னேன். இன்றைக்கு நினைத்தாலும் என் வாயில் நானே அறைந்துகொள்ளத் தோன்றுகிறது.

ஒரு அறையில் உட்காரவைத்து நாலு கிளாஸ் வைத்தார். முதல் கிளாஸ் வேறு தொட்டியுடையது, மற்ற மூன்றும் அந்தப் பழைய தொட்டியில் புதிதாகக் காய்ச்சியவை என்பதை அப்போது சொல்லவில்லை. முதல் கிளாஸ் நன்றாக இருந்தது. இரண்டாவதை வாயருகே கொண்டுபோனபோதே லேசாக வந்தது. மூன்றாவதில் சந்தேகமில்லை. நாலாவதை முகர்ந்ததும் கிளாஸைத் தள்ளி வைத்தேன்.

"முதல்ல வெச்சது சுத்தம். மீதி மூணுலயும் தோல் நாத்தம் மேடம்."

மேடத்தின் முகம் வெளுத்துவிட்டது. "மூணும் அதே தொட்டி சார். யார் சொன்னாலும் நம்பியிருக்க மாட்டேன்" என்று எழுந்தார். "நீங்க ஒண்ணாம் தேதியே வந்து சேர்ந்துடுங்க. நான் போய் வால்வைத் திறந்து விடச் சொல்லிட்டு வர்றேன். அந்தத் தொட்டியே இனி வேணாம்."

அவர் போனதும் முஜாஹித் என் தொடையில் தட்டினான். "அடிச்சிட்டடா தோஸ்த்து. நிஷாவுக்கு ஒரு போன் போடு."

வாயில் அந்த நாற்றம் இருந்துகொண்டே இருந்தது. கொப்பளிக்க மேஜையில் தண்ணீர் வைத்திருந்தார்கள். எங்கள் வீட்டில் யாரும் டம்ளரை வாயில் வைத்துத் தண்ணீரோ காபியோ குடிப்பதில்லை, அண்ணாந்து ஊற்றிக்கொள்வதுதான் பழக்கம். இங்கே இருந்ததோ வாய் அகன்ற பீர் கிளாஸ். அண்ணாந்தால் சட்டையெல்லாம் நனைந்துவிடும் என்று, பிறந்ததிலிருந்து செய்யாத காரியமாக, தண்ணீரை உதட்டில் வைத்துக் குடித்தேன்.

தண்ணீரில் தோல் வாடை அடித்தது.

கிளாஸை முஜாஹித்திடம் நீட்டினேன். "இத மோந்து பாரு."

"தண்ணிடா."

"மோந்து பாருடா."

முகர்ந்தான், ஒரு வாய் குடித்தும் பார்த்தான். "இதுல இன்னா இருக்கு? தண்ணிதான்" என்றான்.

புதிதாக வேலைக்கு வருகிறவர்களுக்கு முதல் நாளே நான் ஒரு பாடம் சொல்வேன். உப்புப் போட்டுக் காய்ந்த தோல் அவ்வளவாக நாறாது, தண்ணீர் பட்டால்தான் அதன் குணம் தெரியும். எத்தனை பேருக்குச் சொல்லியிருப்பேன். கை தானாக மேலே போய் மீசையைத் தொட்டது. நனைந்திருந்தது. விரலை முகர்ந்தேன். எங்கள் ஊறல் தொட்டி அப்படியே இருந்தது. பதினோரு வருஷத்து ஆவி அத்தனையும் அந்த முடிக்குள் உட்கார்ந்திருக்கிறது. காய்ந்திருக்கும்வரை சும்மா இருந்துவிட்டு, நுரை பட்டுப் பட்டு மூன்றாவது மடக்கில் எழுந்து வந்திருக்கிறது. குளிக்கும்போது வருகிற வாடையை டேனரிக்காரன் உடம்பு வாடை என்று விட்டிருக்கிறேன்.

சீ. இருநூற்றுப் பதினான்கு தடவை என் மீசையை நானே நக்கிவிட்டு ஊரைத் திட்டியிருக்கிறேன்.

வாஷ்பேசினில் சோப்புப் போட்டு மீசையைத் தோல் உரிகிற மாதிரி தேய்த்துக் கழுவினேன். திரும்பி வந்து நாலாவது கிளாஸை எடுத்தேன். ஆரஞ்சுத் தோலின் வாசனை, அப்போதுதான் சுட்ட ரொட்டியின் வாசனை, கடைசியில் ஒரு சின்னக் கசப்பு. மூன்று மடக்கும் அப்படியே இருந்தது. நான் குடித்ததிலேயே நல்ல பீர் அது.

முஜாஹித் புரிந்துகொண்டான். கதவைப் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினான். "வேலை கையில வந்துக்கீது. வாய மூடிக்கினு இரு. மீசைய எடுத்துட்டு வந்து சேரு. யாருக்குத் தெரியப் போவுது?"

அவன் சொன்னது நியாயமாகத்தான் பட்டது. நிஷாவின் முகம் வந்தது. பிள்ளையின் ஸ்கூல் வந்தது. அப்போது வெளியே யாரோ ரப்பர் குழாயைத் தரையில் இழுக்கும் சத்தம் கேட்டது. நான் எழுந்து ஓடினேன்.

"மேடம், திறக்காதீங்க. பீர் நல்லா இருக்கு. நாத்தம் என் மீசையில."

அவருக்கு முதலில் புரியவில்லை. இரண்டாவது தடவை விவரமாகச் சொன்னேன். வால்வில் கை வைத்திருந்த ஆளைப் போகச் சொன்னார்.

"அப்ப போன தடவை கொட்டுனது?"

"அதுவும் நல்லாத்தான் இருந்திருக்கும் மேடம்."

கோபப்படுவார் என்று காத்திருந்தேன். பக்கத்திலிருந்த ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டார். "வேலாயுதம்" என்று மட்டும் சொன்னார். பிறகு, "அவர் ஊருக்கு நேர்ல போய் நீங்களே சொல்லுங்க. அப்புறம் நான் அவரைத் திரும்ப வேலைக்குக் கூப்பிடுறேன். உங்க வேலையைப் பத்தி இனி என்கிட்ட பேசாதீங்க" என்றார்.

ரயிலில் முஜாஹித் தள்ளிப் போய் ஜன்னலோரம் உட்கார்ந்துகொண்டான். ஆம்பூரில் இறங்கியதும் ஸ்டேஷனுக்கு எதிரே இருந்த சலூனில் மீசையை எடுத்தேன். வீட்டில் நிஷா என் முகத்தைப் பார்த்துச் சிரித்தாள். வேலை இல்லை என்று சொன்னதும் உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள்.

ஞாயிற்றுக்கிழமை பூசைக்குக்கூடப் போகாமல் அணைக்கட்டுக்கு பஸ் ஏறினேன். விசாரித்துக்கொண்டு போனால், பால் சொசைட்டியில் வேலாயுதம் கேன் கழுவிக்கொண்டிருந்தார். ஐம்பது வயது இருக்கும். லுங்கியை மடித்துக் கட்டி, தேங்காய் நாரால் கேனின் உள்பக்கத்தைச் சுற்றிச் சுற்றித் தேய்த்துக்கொண்டிருந்தார். நான் யார் என்பதையும் நான் எழுதியதையும் மீசையையும் ஒன்று விடாமல் சொன்னேன். அவர் தேய்ப்பதை நிறுத்தவில்லை.

"தொட்டி சுத்தமாதான் இருந்துதுங்க" என்று முடித்தேன்.

"தெரியும் சார்" என்றார். "நான்தான கழுவுனேன்."

அவரே தொடர்ந்தார். "அந்தம்மா நல்லவங்கதான். ஆனா தொட்டிக்குள்ள தலைய வுட்டு ஒரு வாட்டி மோந்து பாக்கல சார். போனைக் காட்டி, பாரு இன்னா எழுதிக்கீறாங்கன்னு சொன்னாங்க. ஆறு வருசம் கழுவுனவன் நானு. போன்ல இருக்கறதுக்கு இன்னான்னு பதில் சொல்றது?"

கேனைத் தண்ணீர் விட்டு அலசி, கவிழ்த்து, திரும்ப நிமிர்த்தி என் பக்கம் சாய்த்தார்.

"மோந்து பாருங்க."

குனிந்து தலையை உள்ளே விட்டேன். பால் வாடைகூட இல்லை. ஈரத் தகரமும் காற்றும்தான் இருந்தது.

"ஒண்ணுமே இல்லைங்க" என்றேன்.

"அத எழுதுங்க சார்" என்று சொல்லிவிட்டு, அடுத்த கேனை இழுத்துக்கொண்டார்.