கவாத்துச் சுள்ளித் தீ

"நல்லாக் காஞ்ச சுள்ளியாப் போடுங்க, மொக்கையண்ணே. புகை எந்திரிச்சா சின்னண்ணன் கண்டுக்கிடுவாரு" என்றாள் சாந்தம்மாள்.

எஸ்டேட் தொழிலாளர் குடியிருக்கும் லயத்தின் பின்புறம், தேயிலைச் செடியில் கவாத்து வெட்டிய சுள்ளிகள் எரிந்தன. தப்படிக்கும் மொக்கையன் முதல் பறையைத் தீயில் காட்டித் தோலை விறைப்பாக்கிக்கொண்டிருந்தார். முன்வாசலில் சாந்தம்மாளின் பெரியண்ணன் அழகுமலையைக் கட்டிலில் கிடத்தியிருந்தார்கள். அறுபத்தெட்டு வயது. அமெரிக்காவில் ஒரு பல்கலைக்கழகத்தில் ஜாஸ் சொல்லிக்கொடுத்த சாக்ஸபோன்காரர். எழுபத்தாறாம் வருஷப் பொங்கலுக்கு மூணாறு வந்தவர், விடிகாலையில் இரண்டாவது டம்ளர் டீ கேட்டுவிட்டு, அது வருவதற்குள் போய்ச் சேர்ந்துவிட்டார். நோய் நொடி கிடையாது. கொடுத்துவைத்த சாவு.

ஆனால் சின்னண்ணன் குருசாமி எஸ்டேட் சூப்பர்வைசர். மேனேஜர் வருகிறார் என்றதும் அவருக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. "இது புரொபசர் சாவு. தப்பு கிப்புன்னு யாரும் வரக்கூடாது. ரெண்டு நிமிசம் மௌனம், மேனேஜர் பேச்சு, அம்புட்டுதான்" என்று வீடு வீடாகச் சொல்லிவிட்டார்.

மௌனமாம்! சேர்ந்தாற்போல் இரண்டு நிமிடம் சும்மா இருந்தறியாத மனிதருக்கு. சோற்றுத் தட்டில்கூடத் தாளம் போடுவார். மொக்கையனின் அப்பா தப்படித்துப் போகும் இழவுக்கெல்லாம் பின்னாலேயே ஓடி, அதற்காகவே வீட்டில் அடி வாங்கிய பிள்ளை. துரைமார் கிளப்பில் பேண்டு வாசித்ததும் கப்பலேறியதும் அதற்கப்புறம்தான். அவரைச் சத்தமில்லாமல் அனுப்ப மனசில்லாமல், சாந்தம்மாளே மொக்கையனுக்கு ரகசியமாக ஆள் விட்டிருந்தாள்.

"வேணாம்! வேணாம்!"

அலறிக்கொண்டு ஓடிவந்தது ரூத். அதே பல்கலைக்கழகத்தில் ட்ரம்பெட் கற்பிக்கும் கறுப்பினப் பெண்மணி. ஊர் பார்க்க அண்ணனோடு வந்தவள். அவளுக்குத் தெரிந்த தமிழெல்லாம் சாப்பாட்டு வேளையில் கற்றது. தட்டில் இன்னொரு இட்லி வைக்க வரும்போது சொல்லும் அதே "வேணாம்" தான். தப்பை மொக்கையன் கையிலிருந்து பிடுங்கி, நெஞ்சோடு அணைத்துக்கொண்டாள்.

"ஆத்தா, எரிக்கிறோம்னு நெனச்சிட்டாக!" மொக்கையனுக்குச் சிரிப்புத் தாங்கவில்லை. காயாத இன்னொரு தப்பை எடுத்துத் தட்டினார். தொப்பென்றது. அவள் அணைத்திருந்ததைத் தட்டினார். கணீரென்றது.

ரூத் இரண்டையும் தானே மாறி மாறித் தட்டிப் பார்த்தாள். அழுது வீங்கிய முகம் மெல்ல மலர்ந்தது. காய்ந்த தப்பை அவரிடம் கொடுத்துவிட்டு, காயாததைத் தீக்கு நேரே தானே பிடித்தாள். அது பதத்துக்கு வந்ததும் உள்ளே ஓடி, ட்ரம்பெட்டோடு வந்தாள்.

முதல் அடிக்கே குருசாமி பாய்ந்து வந்தார். "நிறுத்துங்க! கீழ் வளைவுல மேனேஜர் ஜீப்பு வருது. மானத்தை வாங்குதீகளே!"

"புரொபசர் சாவுக்கு இன்னொரு புரொபசர் வாசிக்காக. வேண்டாம்னா நீங்களே இங்கிலீசுல சொல்லிப் பாருங்கண்ணே" என்றாள் சாந்தம்மாள்.

குருசாமி வாயைத் திறந்தார். இங்கிலீஷ் வரவில்லை. ரூத் அவரைப் பார்த்துக்கொண்டே வாசித்தாள். தீயருகே அவள் காய்ச்சி வைத்திருந்த தப்பின்மேல் அவர் பார்வை போயிற்று.

பாடை கிளம்பியது. பெண்கள் லயத்து முக்கோடு நின்றுவிட வேண்டும் என்பது வழக்கம். ரூத்தும் அவர்களோடு நின்றாள். தேயிலைச் சரிவில் பாதை வளைந்து வளைந்து இறங்கியது. ரூத் மேலிருந்து ஒரு வரி வாசித்தால், கீழேயிருந்து இரண்டு தப்புகள் பதில் சொல்லின. ஓரமாக ஒதுங்கிய ஜீப்பிலிருந்து மேனேஜர் இறங்கி, தொப்பியைக் கழற்றிக்கொண்டு கூட்டத்தோடு நடந்தார். சாந்தம்மாளுக்கு அழுகையும் வந்தது, சந்தோஷமும் வந்தது. இரண்டையும் அவள் அடக்கவில்லை.

மூன்றாம் வளைவில் ஒரு தப்பின் அடி பிசகியது. மறுபடியும் பிசகியது.

"யாருத்தா அது, இந்த லட்சணத்துல அடிக்கிறது?" என்றாள் பக்கத்து வீட்டுச் செபமாலையம்மாள்.

சாந்தம்மாள் கண்ணுக்கு மேல் கையை வைத்துப் பார்த்தாள். வெள்ளை முழுக்கைச் சட்டை. வேட்டியை மடித்துக் கட்டி, தோளில் தப்பைத் தொங்கவிட்டு, சின்னண்ணன் அடித்துக்கொண்டு போனார்.

ரூத் தலையைச் சாய்த்துக் கேட்டாள். பிறகு அந்தப் பிசகிய அடிக்கே தன் வாசிப்பைத் திருப்பிக்கொண்டாள்.