நூறு தொப்பிகளும் ஒரு படமும்

கல்முனைக் கடற்கரை வீதியில் ஒரு தேநீர்க்கடை. மூலை வாங்குப் பலகையில் அமர்ந்து றிம்சான் தொப்பி பின்னிக்கொண்டிருந்தான். வெள்ளை நூல், கொக்கி வைத்த சிறிய ஊசி. தேநீரில் ஏடு படர்ந்துவிட்டது.

"என்ன மச்சான், பொம்புளட வேலயெல்லாம் நீ செய்றா? பெருநாளைக்கு எனக்கொரு சட்டயும் பின்னித் தா," என்று ஒருவன் சிரித்தான். பக்கத்தில் இருந்தவன் அவன் காலை மிதித்தான்.

"ஓம், பொம்புளட வேலதான். அவ விட்டுட்டுப் போன வேல," என்றான் றிம்சான். ஊசி நிற்கவில்லை.

அவன் மனைவி நுஸ்ஹாவுக்குச் சிறுநீரகம் பழுதாகியிருந்தது. நோன்பு பிறக்குமுன் நூறு தொழுகைத் தொப்பி பின்னி விற்று, தன்னைப் போல டயாலிசிஸுக்குப் போகிறவர்களின் வேன் கூலிக்குக் கொடுப்பதாக முகநூலில் அறிவித்திருந்தாள். பாதியில் நோய் முற்றி மௌத்தாகிவிட்டாள். பட்டதாரியான கணவன் அவளுடைய காணொளிகளைப் பார்த்துப் பின்னப் பழகினான். அவனுக்கு அழுகை வரவில்லை. தொப்பி வந்தது.

ஆனால் தொப்பிகள் விலைபோகவில்லை. கடைகளில் இறக்குமதித் தொப்பி மலிவு. அப்போதுதான் புடவைக்கடை மீராசாஹிபு ஹாஜியார் கூப்பிட்டார்.

"எல்லாத்தையும் நான் எடுக்கிறன் தம்பி. வேன் கூலியும் என்ட பொறுப்பு. வேனுல என்ட கடைட பேனர் தொங்கணும். ஒரு நோயாளிக்கு நான் உதவி குடுக்கிற படமும் வேணும். ஆக்கள் பாத்தாத்தானே அவங்களும் குடுப்பாங்க."

றிம்சானுக்கு ஸுலைஹாவின் நினைவு வந்தது. வேனில் நுஸ்ஹாவுக்குப் பக்கத்தில் அமர்ந்து டயாலிசிஸுக்குப் போய்வந்தவள். அவள் வீட்டுக்குப் போய் விஷயத்தைச் சொன்னான்.

"படம் என்னத்துக்குத் தம்பி?" என்று அவள் தயங்கினாள்.

"முகம் மூடித்தானே ராத்தா இரிக்கி. ஒருத்தருக்கும் விளங்காது," என்றான் றிம்சான்.

ஹாஜியார் அவள் வாசலுக்கே வந்து பண உறையை நீட்டினார். கறுப்பு முகத்திரையோடு அவள் வாங்கினாள். பின்னால் அவள் வீட்டுப் பச்சைக் கேற். றிம்சான் முகநூலில் போட்ட படத்தைப் பலரும் பகிர்ந்தார்கள்.

அடுத்த முறை வேன் போனபோது ஸுலைஹா வரவில்லை. அதற்கடுத்த முறையும் வரவில்லை. றிம்சான் வீட்டுக்குப் போனான். மகள் றஸ்னா கேற்றைப் பாதிதான் திறந்தாள்.

"உம்மா வரமாட்டா."

"ஏன், சுகமில்லயா?"

"சுகமிருந்தா வேன் என்னத்துக்கு நானா?" அவள் கேற்றை விடவில்லை. "எனக்குச் சீதனமாக் குடுக்கிறது இந்த வீட்டத்தான். மாப்பிள வீட்டாக்கள் போன கிழமதான் வந்து சுத்திப் பாத்துட்டுப் போனாங்க. படத்தில முகமா வேணும்? கேற்றக் கண்டே புடிச்சிட்டாங்க. கையேந்துற குடும்பத்தில சம்பந்தம் வேணாமாம்."

உள்ளே ஸுலைஹா கட்டிலில் இருந்தாள். கால்கள் வீங்கி மினுங்கின. அவள் மெதுவாகக் கேட்டாள்.

"நுஸ்ஹா இருந்தா என்னப் படம் புடிக்க உட்டிருப்பாளா தம்பி?"

"நாளைக்கு வேனுக்கு வாங்க ராத்தா," என்றான் அவன்.

"மௌத்தானாலும் அந்த வேனுல ஏறமாட்டன். பேனரக் கட்டிட்டு என்ன ஊருக்குக் காட்டுறதுக்கா?"

படத்தை அன்றே அழித்தான். அது ஏற்கனவே ஊரிலுள்ள கைபேசிகளில் எல்லாம் இருந்தது. பிழையாகப் பின்னினால் நூலை இழுத்துப் பிரித்துவிடலாம். இதைப் பிரிக்க வழியில்லை.

மறுநாள் காலை பேனரைக் கழற்றி எறிந்துவிட்டு, வேனைப் பச்சைக் கேற்றுக்கு முன்னால் நிறுத்தச் சொன்னான். கேற் மூடிக் கிடந்தது. அவன் காத்திருந்தான். கைபேசி அடித்தது.

"பேனர் எங்க? படத்த ஏன் அழிச்ச?" ஹாஜியாரின் சத்தம் கைபேசியைத் தாண்டி அந்தச் சிறு ஒழுங்கை முழுக்கக் கேட்டது. "படம் இல்லாட்டி சல்லியும் இல்ல தம்பி!"

"வேணாம் ஹாஜியார். நான் தொப்பிதான் விக்க வந்தன். ஸுலைஹா ராத்தாட மானத்தையும் சேத்து வித்துட்டன். உதவி கேட்டு வாறவங்கட முகத்தையும் வாசலையும் விலையா எடுத்துட்டுக் குடுத்தா அது ஸதகாவும் இல்ல, தர்மமும் இல்ல, யாவாரம். குடுக்கிறெண்டா அவங்கட மானத்தக் காப்பாத்திக் குடுக்கணும். ஏலாட்டி குடுக்காம இருக்கிறது நல்லம்."

இணைப்பைத் துண்டித்தான். இனி வேன் கூலிக்கு, ஹாஜியார் இன்னும் எடுத்துப்போகாத அந்த விலைபோகாத தொப்பிகள்தான்.

உள்ளே எல்லாம் கேட்டிருக்க வேண்டும்; கேற் திறந்தது. மகளின் தோளைப் பிடித்தபடி ஸுலைஹா வந்து ஏறினாள். நுஸ்ஹா வழக்கமாக அமரும் இடத்தை வெறுமையாக விட்டு, தன் பழைய இடத்தில் இருந்தாள்.

றஸ்னா அவனைப் பார்க்காமல் கேற்றைப் பூட்டினாள்.