முன்னாடி நிற்க ஓர் ஆள்

"அண்ணா, வெள்ளிக்கிழமை சாயங்காலம் ரெஸ்டாரண்ட் தொறக்குறோம். நீங்கதான் முன்னாடி நிக்கணும். நீங்க இல்லாம ஒண்ணும் நடக்காதுண்ணா."

தம்பி போனில் சொன்னது இவ்வளவுதான். இதை வைத்துக்கொண்டு கண்டக்டர் ஐந்து நாள் மிதந்தார்.

முன்னாடி நிற்பது என்றால் என்ன என்று அவருக்கு யாரும் அகராதி பார்த்துச் சொல்ல வேண்டியதில்லை. அப்பா போனபோது முன்னாடி நின்றவர் அவர். அப்போது அவருக்கு இருபத்திரண்டு வயது, சின்னவனுக்கு ஆறு. சின்னவனைப் பள்ளியில் சேர்த்தது, வெளிநாட்டுக்கு அனுப்பி ஓட்டல் படிப்பு படிக்க வைத்தது, கல்யாணம் செய்து வைத்தது, எல்லாவற்றிலும் முன்னாடி நின்றவர் அவர்தான். முன்னாடி நிற்பவரைக் கேட்காமல் அந்தக் குடும்பத்தில் ஒரு நாற்காலியும் நகராது. முப்பத்தேழு வருடம் பஸ்ஸில் நின்றே பிழைத்து, போன வருடம்தான் ஓய்வு பெற்றிருந்தார். இனி நம்மை எதற்கும் யாரும் கூப்பிடப் போவதில்லை என்று அவர் ஒடுங்கிக்கிடந்த நேரத்தில் இந்தப் போன் வந்தது.

மனைவிக்கு மட்டும் ஏதோ இடித்தது. "அவ்ளோதான் சொன்னாரா? என்ன பண்ணணும், ஏது பண்ணணும்னு ஒண்ணும் சொல்லலையா?"

"அதையெல்லாம் புட்டுப் புட்டு வைப்பாங்களா? மூத்தவன முன்னாடி நிக்கச் சொன்னா, கடைய நீதான் தொறக்கணும்னு அர்த்தம்."

"அத வாயத் தொறந்து சொல்லியிருக்கலாமே."

"தம்பி உடையான் படைக்கு அஞ்சான். தெரியும்ல?"

"படை வரட்டும், பாப்போம்" என்று சொல்லிவிட்டு அவள் வெங்காயம் நறுக்கப் போய்விட்டாள்.

அத்தோடு நிறுத்தியிருந்தாலும் பரவாயில்லை. மனிதர் சும்மா இருக்க மாட்டாமல் சம்பந்திக்குப் போன் போட்டார். மகளைக் கட்டிக்கொடுத்து எட்டு மாதம்தான் ஆகியிருந்தது. சம்பந்தி வங்கியில் மேனேஜராக இருந்தவர். குறை சொல்ல முடியாத மனிதர். ஆனால் கல்யாணத்தன்று தன் சொந்தக்காரர்களிடம் இவரைக் காட்டி, "போக்குவரத்துத் துறையில இருந்தாரு" என்றே சொல்லிக்கொண்டிருந்தார். கண்டக்டர் என்ற வார்த்தை அவர் வாயில் வரவே இல்லை. அது இவருக்கு முள்ளாகக் குத்தியது. அந்த வீட்டில் மகள் தலைநிமிர்ந்து நடக்க வேண்டுமானால், அவள் அப்பனுக்கும் நாலு பேர் மத்தியில் ஓர் இடம் உண்டு என்பதை அவர்கள் ஒரு நாளாவது கண்ணால் பார்க்க வேண்டும்.

"தம்பி ரெஸ்டாரண்ட் ஆரம்பிக்கிறான். நான்தான் தொறந்து வைக்கிறேன். நீங்க எல்லாரும் அவசியம் வந்துடணும்" என்று அழைத்துவிட்டார்.

வெள்ளிக்கிழமை புதுச் சட்டை போட்டுக்கொண்டார். பேசச் சொன்னால் பேசுவதற்கு நாலு வாக்கியம் கண்ணாடி முன்னால் சொல்லிப் பார்த்துக்கொண்டார். ஐந்து மணிக்கே மனைவியோடு போய் இறங்கினார்.

கடைக்குப் பெயர்ப் பலகை இருக்கிறதா என்று தேட வேண்டியிருந்தது. கதவோரத்தில் உள்ளங்கை அகலத்துக்கு ஒன்று இருந்தது. பெயரைப் பெரிதாகப் போட்டால் கண்டவர்களும் வந்துவிடுவார்களாம். உள்ளே சுவரெல்லாம் வெறும் சிமெண்டு. "பூச்சு வேலை இன்னும் முடியலையா?" என்று பதறிப்போய்க் கேட்டார். அது அப்படித்தான் இருக்க வேண்டுமாம். சுவரைப் பூசாமல் விடுவதற்கென்றே ஒரு டிசைனரை வைத்திருக்கிறார்களாம். மேசைக்கு மேசை ஒரு விளக்கு, நிமிர்ந்தால் தலையில் இடிக்கிற உயரத்தில் தொங்கியது. வெளிச்சம் என்னவோ போதவில்லை.

தம்பி ஓடிவந்தான். வாய் நிறைய அண்ணா, அண்ணி. அண்ணியை ஜன்னலோர மேசையில் உட்கார வைத்துவிட்டு, ஒரு கறுப்புக் கோட்டோடு திரும்பி வந்தான். மார்பில் பித்தளை வில்லை வைத்த கோட்டு.

"இதப் போட்டுக்கோங்கண்ணா."

விழாவை நடத்தி வைப்பவருக்குக் கோட்டு போடுவது பெரிய இடத்துப் பழக்கம் போலிருக்கிறது என்று கண்டக்டர் நினைத்துக்கொண்டார். அக்குளில் இறுக்கியது. புதுச் சட்டை முழுக்க அதற்குள் மறைந்துபோனது. மறையட்டும் என்று கழுத்துவரை பொத்தானைப் போட்டார்.

"ரிப்பன் எத்தன மணிக்கு வெட்டணும்?"

"ரிப்பனா? இப்பல்லாம் யாருண்ணா ரிப்பன் வெட்டுறா?" தம்பி சிரித்தான். "ஆறு மணிக்கு ஆளுங்க வருவாங்க, அவ்ளோதான். நீங்க இப்படி கதவுக்கு வலது பக்கம் நின்னுக்கோங்க. லிஸ்ட்ல பேரு இருக்கான்னு பாத்து, கதவத் தொறந்து உள்ள அனுப்புங்க. கூட்டத்த உங்கள மாதிரி யாராலண்ணா சமாளிக்க முடியும்? முப்பத்தேழு வருஷ சர்வீஸ்!"

அவன் கேலி பேசவில்லை. மனசாரச் சொன்னான், அதுதான் கொடுமை. முன்னாடி என்று அவன் சொன்னது வாசலை. போனிலும் வாசலைத்தான் சொல்லியிருக்கிறான்.

அந்த நொடியே கோட்டைக் கழற்றி அவன் கையில் கொடுத்திருக்க வேண்டும் என்று கண்டக்டர் பிறகு நூறு தடவை நினைத்தார். அப்போது செய்யவில்லை. என்ன சொல்லிக் கழற்றுவது? நான் வேறு மாதிரி நினைத்துக்கொண்டு வந்தேன் என்று தம்பியிடம் சொல்லும் வெட்கத்தைவிட, நிற்பது சுலபமாக இருந்தது.

கூட்டம் வந்தது. கூட்டத்தைக் கண்டால் அவருக்கு வாய் தானாக ஓடும்.

"உள்ள போங்க, உள்ள போங்க. வழிய மறிக்காதீங்க. அங்க இடம் இருக்கு பாருங்க, தள்ளி நில்லுங்க!"

வந்தவர்கள் சிரித்தார்கள். ஒரு பெண் போனைத் தூக்கிப் பிடித்து, "இன்னொரு தடவ சொல்லுங்க தாத்தா" என்றாள். சொன்னார். ஜன்னலுக்கு அந்தப் பக்கம் மனைவி ஒரு பெரிய தட்டின் நடுவில் வைத்திருந்த கோலிக்குண்டு அளவு எதையோ தொடாமல் உட்கார்ந்திருந்தாள். அவள் பார்வை தட்டில் இல்லை, கதவில் இருந்தது. அந்தப் பக்கம் திரும்பாமல் பார்த்துக்கொண்டார்.

ஏழு மணிக்குச் சம்பந்தியின் கார் வந்தது.

காரைக் கண்டதும் கண்டக்டர் அவசர அவசரமாகப் பொத்தான்களைக் கழற்றினார். ஒரு கை வந்துவிட்டது. இன்னொரு கை அக்குளில் மாட்டிக்கொண்டது. உதறினார், இழுத்தார், வரவில்லை. சம்பந்தியும் சம்பந்தியம்மாவும் மகளும் படியேறி வந்து நின்றபோது அவர் ஒரு கை கோட்டுக்குள்ளும் ஒரு கை வெளியிலுமாக, லிஸ்ட்டைப் பல்லில் கடித்தபடி நின்றார்.

சம்பந்தி கோட்டைப் பார்த்தார், வில்லையைப் பார்த்தார். ஒரு நொடியில் எல்லாம் புரிந்துவிட்டது அவருக்கு.

"வர்றவங்கள நானே நின்னு வரவேற்கணும்னு..." கண்டக்டர் லிஸ்ட்டை வாயிலிருந்து எடுத்துவிட்டுத் தொடங்கினார்.

"அதுக்கென்ன சம்பந்தி!" அவர் தோளில் தட்டினார். "எந்த வேலையும் கேவலம் இல்ல. வீட்டுல சும்மா உக்காந்திருக்கிறதுக்கு இது எவ்வளவோ மேல்."

வெந்த புண்ணில் வேல் பாய்ச்சுவது கேள்விப்பட்டதுதான். இத்தனை அன்பாகப் பாய்ச்சி அன்றைக்குத்தான் பார்த்தார். சம்பந்தியம்மா மருமகளை ஒரு பார்வை பார்த்தாள், அவ்வளவுதான்.

"நீங்க உள்ள போங்க அத்தை, நான் வந்துடறேன்" என்றாள் மகள். அவர்கள் போனதும் அப்பாவின் கையைப் பிடித்துக் கோட்டுக்குள் நுழைத்து, காலரைச் சரிசெய்து, பொத்தானைப் போட்டுவிட்டாள். முகத்தைப் பார்க்கவில்லை.

"ஏம்ப்பா அப்படிச் சொன்னீங்க? எங்கப்பாதான் தொறக்குறாருன்னு அந்த வீட்டுல ஒருத்தர் விடாம சொல்லி வச்சிருக்கேன்."

அவர் கதவைத் திறந்துவிட்டார். அவளும் உள்ளே போனாள்.

எட்டு மணிக்குத் தம்பி ஒரு கிளாஸைத் தட்டி எல்லாரையும் அமைதியாக்கிவிட்டுப் பேசினான். கண்டக்டர் கதவை நாலு விரல் அகலத்துக்குத் திறந்து வைத்துக் கேட்டார். டிசைனருக்கு நன்றி. சமையல்காரருக்கு நன்றி. தன் மாமனாரை எழுந்து நிற்கச் சொல்லி, "இவர் இல்லேன்னா நான் இல்ல" என்றான். கைதட்டல் ஓய நேரமானது. இப்போது சொல்வான், இப்போது சொல்வான் என்று இவர் மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றார். "எல்லாரும் நல்லா சாப்பிடுங்க!" என்று முடித்துவிட்டான். மகள் தலை குனிந்து நாப்கினை மடித்துக்கொண்டிருந்தாள்.

கொஞ்ச நேரத்தில் தம்பி வெளியே வந்தான். முகமெல்லாம் பல்.

"பின்னிட்டீங்கண்ணா! உள்ள எல்லாரும் உங்களப் பத்தித்தான் பேசுறாங்க. யாரு அந்த ஆளு, எங்க புடிச்சீங்கன்னு கேக்குறாங்க."

"நீ என்ன சொன்ன?"

"என்னத்த சொல்றது? சிரிச்சு வச்சேன்."

"அண்ணன்னு சொல்லலையா?"

"அந்தக் கூட்டத்துல உக்காந்து கதை சொல்ல எங்கண்ணா நேரம்?" போன் முனகியது. அதை எடுத்துப் பார்த்துக்கொண்டே, "நாளைக்கும் வந்துடுவீங்கல்ல? எல்லாருக்கும் புடிச்சுப்போச்சு" என்றான்.

கண்டக்டர் கத்தியிருக்கலாம். உள்ளே மகள் இருந்தாள், சம்பந்தி இருந்தார். வாயிலிருந்து வந்தது ஒரே ஒரு கேள்விதான்.

"டூட்டி எத்தன மணிக்கு சார்?"

சொல்லிவிட்டுத் தம்பியின் முகத்தையே பார்த்தார். லேசாக ஒரு சுளிப்பு, 'என்னண்ணா இப்படிப் பேசுறீங்க' என்று ஒரு வார்த்தை. அது போதும். எல்லாவற்றையும் விழுங்கிக்கொண்டு வீட்டுக்குப் போய்விடுவார், நாளைக்குக் காலையில் மறந்தும்விடுவார்.

"அஞ்சரைக்கு வந்தாப் போதும்" என்றான் தம்பி, போனிலிருந்து கண்ணை எடுக்காமல்.

சொல்லிவிட்டு உள்ளே போகத் திரும்பினான். திரும்பியவன் கதவுக்கு முன்னால் நின்றான். ஒரு கைதான் போனில் இருந்தது, இன்னொரு கை சும்மா தொங்கியது. தானே தள்ளிக்கொண்டு போயிருக்கலாம். திமிர் என்றும் சொல்ல முடியாது. மூன்று மணி நேரத்தில் பழகிவிட்டது.

அண்ணன் கதவைத் திறந்துவிட்டார்.