புதன் மாலை ஐந்து முதல் ஏழு வரை

1

இந்தக் கதையை நானாக எழுத உட்காரவில்லை. ஒரு கடிதம் வந்து உட்கார வைத்துவிட்டது. நான் படித்த பல்கலைக்கழகத்தின் விளையாட்டுத் துறை மலர் போடுகிறதாம். மாணவர் பேரவையில் விளையாட்டுச் செயலராக இருந்தவர்கள் எல்லாரும் 'என் பதவிக்கால நினைவுகள்' என்று இரண்டு தாளுக்கு மிகாமல் எழுதி அனுப்ப வேண்டுமாம். "மதிப்பிற்குரிய முன்னாள் செயலர் அவர்களுக்கு" என்று ஆரம்பித்து "தங்கள் உண்மையுள்ள" என்று முடிகிற, எல்லாருக்கும் ஒரே மாதிரி அச்சடித்த கடிதம். கீழே உடற்கல்வி இயக்குநரின் கையெழுத்து. முதல் எழுத்தைப் போட்டுவிட்டு, வால் மாதிரி ஒரு கோட்டைத் தாளின் ஓரம் வரைக்கும் இழுக்கிற கையெழுத்து.

அந்தக் கோட்டை எனக்குத் தெரியும். அதை இழுக்கிறவள் என்னோடு பேசிப் பத்தொன்பது வருடம் ஆகிறது.

நான் எழுதுவதை முதலில் படிக்கப்போகிறவள் அவள்தான். இல்லாவிட்டால் நாலு பொய்யை எழுதி அனுப்பிவிட்டு என் வேலையைப் பார்த்திருப்பேன்.

2

முதல் தொடக்கம்: "விளையாட்டு மனிதனைப் பண்படுத்துகிறது. அந்த வகையில்—"

(எழுதும்போதே கொட்டாவி வந்தது.)

இரண்டாவது: "அவள் வலைக்கு மேலே எழும்பியபோது அரங்கமே மூச்சைப் பிடித்துக்கொண்டு—"

(அரங்கத்தில் அன்றைக்கு இருந்தது ஒன்பது பேர். அதில் ஒருவர் தரை கூட்டுகிறவர்.)

மூன்றாவது: "நானும் அவளும் உயிருக்கு உயிரான—"

(இதை முடிக்க எனக்கு யோக்கியதை இல்லை.)

தொடக்கம் கிடக்கட்டும். நடந்ததைச் சொல்கிறேன்.

அவள் பெயர் நெட்டை. பெண்கள் கைப்பந்து அணியின் கேப்டன். என் பெயர் பென்சில். எனக்கு எந்த விளையாட்டும் வராது. எல்லா ஆட்டத்துக்கும் ஸ்கோர் எழுதுகிறவள் நான். காதில் எப்போதும் ஒரு பென்சில் இருக்கும், அதனால் அந்தப் பெயர். விடுதியில் இரண்டு பேருக்கும் ஒரே அறை, ஒரே அலாரம்.

கடைசி வருடம் பேரவைத் தேர்தல் வந்தது. விளையாட்டுச் செயலருக்கு நான் நிற்க வேண்டும் என்றாள்.

"நீயே நில்லேன்டி. கேப்டன் வேற."

"நான் நின்னா என் டீமுக்குத்தான் செய்வேன்னு சொல்லுவாங்க. நீ எந்த டீமும் இல்ல. உன்னை யாரும் ஒண்ணும் சொல்ல முடியாது."

"எனக்குக் கூட்டத்துல பேசவே வராது."

"பேசாத. தலையை மட்டும் ஆட்டு. மத்ததை நான் பார்த்துக்கறேன்."

பிறகுதான் விஷயத்துக்கு வந்தாள். உள்ளரங்கம் ஒன்றே ஒன்று. கைப்பந்துப் பெண்களுக்கு அதில் காலை ஐந்தரை மணி. அணியில் நாலு பேர் வெளியிலிருந்து பஸ்ஸில் வருகிறவர்கள். எட்டு மணிக்கு முன்னால் வந்து சேர முடியாது. ஆறு பேரும் ஒன்றாகத் தரையில் நிற்கக்கூடிய நேரம் வாரத்தில் ஒன்றுதான்: புதன் மாலை ஐந்து முதல் ஏழு. டேபிள் டென்னிஸ்காரர்களுக்குத் தனி அறை கிடைத்ததால் அந்த வருடம் அது காலியாகியிருந்தது. அது கிடைத்தால் பல்கலைக்கழகங்களுக்கு இடையிலான போட்டிக்கு அணியை அனுப்பலாம். அவளுக்கு அது கடைசி வருடம்.

"புதன்கிழமை உனக்குத்தான்" என்றேன். அதைச் சொல்ல எனக்கு ஒரு நொடிகூட ஆகவில்லை.

3

இந்த இடத்தில் இன்னொருவரைக் கொண்டுவர வேண்டும். அவரை என்ன செய்வதென்று தெரியாமல் மூன்று நாள் மதியச் சாப்பாட்டு நேரத்தை வீணாக்கினேன்.*

பூப்பந்து அணியின் கேப்டன். ரேடியோ என்று கூப்பிடுவோம், போட்டால் நிற்காது. முதல் பிரதியில் அவனுக்கு ஒரு நமட்டுச் சிரிப்பும் விலையுயர்ந்த காலணியும் கொடுத்திருந்தேன். இரண்டையும் எடுத்துவிட்டேன். அவன் நல்லவன். அவன் அணிக்கும் இடம் போதவில்லை. ஒரு மட்டையை மூன்று பேர் மாற்றி மாற்றி ஆடினார்கள்.

தேர்தலுக்கு நாலு நாள் இருக்கும்போது நூலகப் படியில் என்னைப் பிடித்துக்கொண்டான்.

"எங்ககிட்ட நாப்பது ஓட்டு இருக்கு, பென்சில். புதன் சாயங்காலம் மட்டும் குடுத்துடு. மொத்தமும் உனக்கு."

"பார்க்கலாம்."

"பார்க்கலாம்னா? ஆமாவா, இல்லையா?"

நான் தலையை ஆட்டினேன். அது எந்தப் பக்கம் ஆடியது என்று எனக்கே அப்போது நிச்சயமில்லை. [இது பொய். அடித்துவிட வேண்டும். மேலும் கீழுமாகத்தான் ஆட்டினேன்.]

பதினோரு ஓட்டில் ஜெயித்தேன். நெட்டை என்னை இடுப்பைப் பிடித்துத் தூக்கிச் சுற்றினாள். என் பென்சில் எங்கோ விழுந்துவிட்டது. அவ்வளவு சந்தோஷமாக யாரும் என்னைத் தூக்கியதில்லை, அதற்கப்புறமும்.

* கதை எழுதுவது எனக்குத் தொழில் இல்லை. ஒரு காப்பீட்டு அலுவலகத்தில் விண்ணப்பங்களைச் சரிபார்க்கிறேன். கட்டங்களைக் காலியாக விட்டுக் கீழே கையெழுத்து மட்டும் போட்டிருந்தால் திருப்பி அனுப்புவது என் வேலைகளில் ஒன்று. நீங்கள் சிரிக்கலாம். நான் சிரித்து முடித்தாயிற்று.

4

எங்கள் பல்கலைக்கழகத்தில் ஒரு வழக்கம் இருந்தது. அரங்கத்தின் நேர அட்டவணையைச் செயலர் தன் கைப்பட, பேனாவால் எழுத வேண்டும். கீழே பதினோரு அணிக் கேப்டன்களும் கையெழுத்துப் போட வேண்டும். கதவில் ஒட்டிவிட்டால் வருடம் முழுக்க மாற்ற முடியாது. ஆனால் பதினோரு பேரையும் ஒரே இடத்தில் பிடிப்பது லேசுப்பட்ட காரியம் இல்லை. அதனால் பதவியேற்கும் நாளிலேயே, எல்லாரும் வந்திருக்கும்போது, வெற்று அட்டவணையில் கையெழுத்து வாங்கிவிடுவார்கள். செயலர் பிறகு நிரப்பிக்கொள்வார். எத்தனையோ வருடமாக அப்படித்தான். யாரும் அதைத் தப்பென்று நினைத்ததில்லை.

முதல் கையெழுத்து நெட்டையுடையது. வெறும் கட்டங்களுக்குக் கீழே அந்த நீளமான கோட்டை இழுத்துவிட்டு, டீ குடிக்கப் போய்விட்டாள்.

மறுநாள் சாயங்காலம் பேரவை அறையில் அட்டவணையோடு உட்கார்ந்தேன். மின்விசிறி சத்தம். மேசையில் யாரோ காம்பஸால் கீறிய பெயர்கள். மற்ற எல்லாக் கட்டங்களையும் நிரப்பிவிட்டேன். புதன் மாலை மட்டும் பாக்கி. ரேடியோ எதிரே வந்து உட்கார்ந்தான். இரண்டு மணி நேரம் பேசினான். வாக்கு, நம்பிக்கை, நாற்பது பேர், அவர்களிடம் எந்த முகத்தோடு போவது, எல்லாம் சொன்னான். எனக்குத் தலை விண் விண்ணென்று வலித்தது. அவன் எழுந்து போனால் போதும் என்றிருந்தது.

நெட்டை அங்கே இல்லை. வர வேண்டிய அவசியம் இருப்பதாகவே அவளுக்குத் தோன்றவில்லை.

எழுதினேன். *பூப்பந்து.*

ஏன் என்று பல வருடம் பல காரணம் சொல்லிப் பார்த்தேன். நாற்பது ஓட்டு. பொதுநலம். களைப்பு. எல்லாம் கொஞ்சம் கொஞ்சம் உண்மை. முழு உண்மை இவ்வளவுதான்: ரேடியோ கோபித்துக்கொள்வான், நெட்டை என்னிடம் கோபித்துக்கொள்ள மாட்டாள். அவள் என்னவள். அதனால் அவளிடமிருந்து எடுத்துக்கொண்டேன்.

"ஒரு வாரம் அவங்க, ஒரு வாரம் இவங்கன்னு எழுதியிருக்கலாமே?" என்றார் என் கணவர், போன ஞாயிற்றுக்கிழமை, துணி மடித்துக்கொண்டே. நான் கையிலிருந்த சட்டையைக் கீழே வைத்தேன். பத்தொன்பது வருடத்தில் அது எனக்குத் தோன்றவே இல்லை.

5

அவள் அட்டவணையைக் கதவில்தான் பார்த்தாள். நான் பின்னால் நின்றிருந்தேன். விரலை வைத்துப் புதன்கிழமையைத் தேடி, அப்படியே கீழே இறங்கித் தன் கையெழுத்தில் கொண்டுபோய் நிறுத்தினாள்.

"நெட்டை, நான் வந்து—"

"விடு. கையெழுத்து என்னுதுதானே."

கத்தியிருக்கலாம். அன்றிரவே விடுதி அலுவலகத்தில் கேட்டு அறையை மாற்றிக்கொண்டாள். அலாரத்தை எனக்கு விட்டுப் போனாள். பஸ்ஸில் வருகிற நாலு பேரும் ஒருவர் பின் ஒருவராக அணியிலிருந்து விலகிக்கொண்டார்கள். அந்த வருடம் கைப்பந்துப் பெண்கள் அணி போகவில்லை. போட்டிக்கு அணிகளை அனுப்பும் பட்டியலில், அந்த வரிக்கு நேரே 'இல்லை' என்று எழுதியதும் செயலர்தான்.

6

முடிவுகள். மூன்று எழுதினேன்.

ஒன்று. அன்றைக்கே ஓடிப்போய் அட்டவணையைக் கிழித்துவிடுகிறேன். (கிழிக்கவில்லை. கிழித்திருந்தால் இந்தக் கதை எதற்கு?)

இரண்டு. மலர் வெளியீட்டு விழா. நரைத்த இருவர், மேடைப் படியில், கண்கள் கலங்க— (அவளுக்கு இது பிடிக்காது. எனக்கும்தான்.)

மூன்று. அவளுக்கு எல்லாம் மறந்தே போய்விட்டது. கடிதத்தை உதவியாளர் தட்டச்சு செய்தார், அவள் பார்க்காமல் கையெழுத்துப் போட்டாள். பார்க்காமல் போடுவது அவள் பழக்கம்தானே. (இதுதான் எனக்கு அதிகமாகப் பயம் தருகிறது. எழுதிவிட்டு ஒரு நாள் முழுக்க இந்தப் பக்கம் வரவில்லை.)

நாலாவது ஒன்று வேண்டும். எனக்கு அலுத்துவிட்டது. இத்தனை வருடம் அவள் பேசாததை நானே எழுதிக்கொண்டிருக்கிறேன், மறுபடியும் அவள் கையெழுத்துக்கு மேலே.

வாசகரே, கோபித்துக்கொள்ளாமல் கொஞ்சம் தள்ளி நில்லுங்கள். இனிமேல் வருவது அவளுக்கு.

நெட்டை, இரண்டு தாள் கேட்டிருந்தாய். முன்னும் பின்னும் நெருக்கி எழுதி எல்லாவற்றையும் ஒரே தாளில் அடக்கிவிட்டேன். இரண்டாவது தாளில் ஒன்றும் எழுதவில்லை. மலரில் போட உனக்கு எது வேண்டுமோ எழுதிக்கொள். திட்டலாம். 'இந்தப் பெயரில் யாரும் செயலராக இருந்ததில்லை' என்று போடலாம். எதுவும் எழுதாமல் குப்பையில் போடலாம்.

அந்தத் தாளின் அடியில் பேனாவால் பெயர் போட்டிருக்கிறேன். மேலே நீ என்ன எழுதினாலும், கையெழுத்து என்னுடையதுதான்.